ஆகஸ்ட் வில்சனைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சனின் (1945–2005) ஒவ்வொரு நாடகத்துக்கும் மூன்று ஆண்டுகள் உண்டு: கதை நடக்கும் ஆண்டு, முதலில் மேடையேறிய ஆண்டு, நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேக்கு வந்த ஆண்டு. அவரைப் பற்றிய கட்டுரைகளில் காணும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால் வருபவை. குறிப்பெடுக்கும்போதே மூன்றையும் தனித்தனியாக எழுதிவைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

'ஜிட்னி'யை எடுத்துக்கொள்ளுங்கள். உரிமம் பெற்ற டாக்சிகள் வர மறுத்த கறுப்பினக் குடியிருப்பில், உரிமம் இல்லாமல் வாடகைக் கார் ஓட்டுகிறவர்களின் கதை. நடப்பது 1977இல். வில்சன் எழுதியது 1979இல், அவர் பிறந்த ஊரான பிட்ஸ்பர்கில் மேடையேறியது 1982இல். 1996இல் அதைத் திருத்தி விரிவாக்கினார். பிராட்வேக்கு வந்தது 2017இல், அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த ஆண்டு பிராட்வே நாடகங்களுக்குத் தரப்படும் டோனி விருதுகளில், சிறந்த மறுமேடையேற்றத்துக்கானது அதற்குக் கிடைத்தது. விருதின் பெயரைப் பார்த்து, முன்பே ஒருமுறை பிராட்வேயில் ஓடிய நாடகம் என்று எழுதிவிடுகிறார்கள். அதுதான் அதன் முதல் பிராட்வே வருகை.

இருபதாம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்றாகப் பத்து நாடகங்கள் எழுதினார் என்பது எல்லாருக்கும் தெரியும். அவற்றை வரிசையாக எழுதினார் என்று நினைப்பது தவறு. கதை நடக்கும் காலப்படி வரிசை இது: 'ஜெம் ஆஃப் தி ஓஷன்' (1904), 'ஜோ டர்னர்ஸ் கம் அண்ட் கான்' (1911), 'மா ரெய்னீஸ் பிளாக் பாட்டம்' (1927), 'தி பியானோ லெசன்' (1936), 'செவன் கிட்டார்ஸ்' (1948), 'ஃபென்சஸ்' (1957), 'டூ டிரெய்ன்ஸ் ரன்னிங்' (1969), 'ஜிட்னி' (1977), 'கிங் ஹெட்லி தி செகண்ட்' (1985), 'ரேடியோ கோல்ஃப்' (1997). இதில் முதலில் நிற்கும் 'ஜெம் ஆஃப் தி ஓஷன்' அவர் எழுதியதில் கடைசிக்கு முந்தையது. சிகாகோவில் 2003இல்தான் முதலில் மேடையேறியது. முதல் நாளே பத்துக்கும் திட்டம் போட்டு உட்கார்ந்தவர் அல்லர் வில்சன். சில நாடகங்கள் கைக்கு வந்தபிறகு, ஒவ்வொன்றும் வெவ்வேறு பத்தாண்டில் நிற்பதைக் கவனித்து, மீதியையும் எழுதத் துணிந்தவர். 'முன்கூட்டியே வகுத்த மாபெரும் திட்டம்' என்று எழுதினால் அந்த வளர்ச்சி காணாமல் போய்விடும்.

பத்தும் பிட்ஸ்பர்கில் நடப்பவை என்பதும் தவறு. 'மா ரெய்னீஸ் பிளாக் பாட்டம்' சிகாகோவின் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் நடக்கிறது. மற்ற ஒன்பதும் பிட்ஸ்பர்கில் நடப்பவை.

எந்த வரிசையில் படிப்பது? தனித்தனியாகப் படித்தாலும் நாடகங்கள் நிற்கும். ஆனால் இரண்டு ஜோடிகளில் கவனம் வேண்டும். 'செவன் கிட்டார்ஸ்' முடியும்போது அதில் வரும் ரூபி என்ற பெண் கர்ப்பிணி. அந்தக் குழந்தைதான் வளர்ந்து 'கிங் ஹெட்லி தி செகண்ட்' நாயகனாகிறது. பின்னதை முதலில் படித்தால் தந்தை யார் என்ற முடிச்சு வலுவிழந்துவிடும். அதுபோலவே 'ரேடியோ கோல்ஃப்' கதையில் இடிக்கப்படவிருக்கும் வைலி அவென்யூ 1839ஆம் எண் வீடு, 'ஜெம் ஆஃப் தி ஓஷன்' நாடகத்தில் ஆன்ட் எஸ்டர் என்ற மூதாட்டி வாழ்ந்த வீடு. அவருக்கு 1904இல் வயது 285, 1985இல் சாகும்போது 366. இரண்டு ஆண்டுகளிலிருந்தும் அந்தந்த வயதைக் கழித்துப் பாருங்கள், 1619 வரும்: ஆங்கிலேயரின் வர்ஜீனியாவுக்கு ஆப்பிரிக்கர்கள் கொண்டுவரப்பட்ட ஆண்டு. நம்ப முடியாத வயது என்று இந்த எண்ணைத் தள்ளிவிட்டுப் போகிற விமர்சகர், பத்து நாடகங்களையும் கட்டியிருக்கும் கயிற்றையே கவனிக்காமல் போகிறார்.

யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்றும் சிலர் எழுதுகிறார்கள். வில்சன் பதினைந்து வயதில் உயர்நிலைப் பள்ளியை விட்டவர். நெப்போலியனைப் பற்றி அவர் எழுதிய இருபது பக்கக் கட்டுரையை அவருடையதல்ல என்று ஆசிரியர் சந்தேகித்ததுதான் காரணம். அதன்பின் படித்ததெல்லாம் கார்னகி நூலகத்தில். யேல் அவர் வாழ்வில் வருவது நாடக இயக்குநர் லாயிட் ரிச்சர்ட்ஸ் வழியாக. கனெக்டிகட்டில் உள்ள ஓநீல் மையத்தின் நாடகாசிரியர் பட்டறை 'ஜிட்னி'யை ஏற்கவில்லை. 1982இல் 'மா ரெய்னீஸ் பிளாக் பாட்டம்' நாடகத்தை ஏற்றது. அந்தப் பட்டறையை நடத்திய ரிச்சர்ட்ஸ்தான் யேல் ரெப்பர்டரி தியேட்டருக்கும் கலை இயக்குநர். 1984இல் அங்கே அந்த நாடகத்தை அவர் இயக்க, அதே ஆண்டு அது பிராட்வே போனது. தொடர்ந்து 'செவன் கிட்டார்ஸ்' வரை பிராட்வேயில் ஆறு நாடகங்களை இயக்கியவர் அவரே. வட்டார அரங்குகளில் மேடையேற்றி, ஒத்திகையிலும் காட்சிகளுக்கு இடையிலும் திருத்தித் திருத்திக் கடைசியில் பிராட்வே செல்வதே வில்சனின் வழி. ஆகவே 'முதல் அரங்கேற்றம்' என்று எழுதி பிராட்வே தேதியைப் போடாதீர்கள்.

விருதுகளில் பிசகுவது எளிது. புலிட்சர் இரண்டு: 'ஃபென்சஸ்' (1987), 'தி பியானோ லெசன்' (1990). சிறந்த நாடகத்துக்கான டோனி ஒன்றே ஒன்று, 'ஃபென்சஸ்' நாடகத்துக்கு. 2010இல் அதே நாடகத்துக்குக் கிடைத்தது மறுமேடையேற்றத்துக்கான டோனி. அதில் நடித்த டென்சல் வாஷிங்டனும் வயோலா டேவிஸும் 2016 திரைப்படத்திலும் நடித்ததால் இரண்டு விருதுப் பட்டியல்களும் கலந்துவிடுகின்றன. டேவிஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது படத்துக்காக.

பெயரைப் பொறுத்தவரை, அவர் பிறந்தபோது வைத்தது ஃபிரெடரிக் ஆகஸ்ட் கிட்டெல். தந்தை ஜெர்மன் மொழி பேசும் குடியேறி, ரொட்டிக் கடைத் தொழிலாளி. 1965இல் தந்தை இறந்தபின் தாய் டெய்சி வில்சனின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார். அப்போது அவர் கவிதை எழுதிக்கொண்டிருந்த இளைஞர். இதை நாடகத்துக்காக வைத்துக்கொண்ட புனைபெயர் என்று சொல்வது, தாயின் வழியைத் தன் வழியாக ஏற்றுக்கொண்ட ஒருவரின் முடிவைச் சிறிதாக்குவது.

மேடையில் வருபவர் யார், வராதவர் யார் என்பதிலும் கவனம் வேண்டும். மா ரெய்னி உண்மையில் வாழ்ந்த ப்ளூஸ் பாடகி; நாடகத்தில் அந்த ஒலிப்பதிவு நாளில் நடப்பவை கற்பனை. 'ஜோ டர்னர்ஸ் கம் அண்ட் கான்' நாடகத்தில் ஜோ டர்னர் நாயகனே அல்லர், மேடைக்கு வருவதும் இல்லை. கறுப்பின ஆண்களைப் பிடித்து ஏழாண்டு கட்டாய வேலையில் அடைத்தவன் அவன். அப்படி அடைபட்டு வெளிவந்த ஹெரால்ட் லூமிஸ்தான் நாயகன்.

பிட்ஸ்பர்கில் புகைப்படம் எடுக்கிறவர்களும் குழம்புகிறார்கள். வில்சன் சிறுவயதில் வாழ்ந்தது அந்நகரின் ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற பகுதியில், பெட்ஃபோர்ட் அவென்யூ 1727ஆம் எண் கட்டடம். அது சீரமைக்கப்பட்டு 2022இல் ஆகஸ்ட் வில்சன் இல்லமாகத் திறக்கப்பட்டது. நகர மையத்தில் அவர் பெயர் தாங்கி நிற்கும் ஆப்பிரிக்க அமெரிக்கப் பண்பாட்டு மையம் வேறு கட்டடம். நியூயார்க்கில் உள்ள ஆகஸ்ட் வில்சன் தியேட்டர் 2005 அக்டோபர் வரை வர்ஜீனியா தியேட்டர். அதற்கு முந்தைய நிகழ்வுகளை எழுதும்போது பழைய பெயரையே போடுங்கள்.