ஆப்பில் இருக்கும் சர்க்கரைக் கணக்கை நம் கைக்குக் கொண்டுவருவது

எனக்குச் சர்க்கரை வந்து 11 வருடம். பரிசோதனை முடிவுகள் எல்லாம் மருத்துவமனை ஆப்பில் இருந்தன. என்னால்தான் திறக்க முடியவில்லை, ஓடிபி மகனுடைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவனோ வேலையில். ஆகவே முதலில் பதிவு மேசையில் சொல்லி உங்கள் கைபேசி எண்ணைப் போடுங்கள். வீட்டில் யாராவது உதவுவதானால் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடாமல், அவருக்கென்று தனி அனுமதி தர வழி உண்டா என்று கேளுங்கள். எழுத்து பொடியாக இருக்கிறதா? கைபேசி அமைப்புகளில் பெரிதாக்கலாம்.

சரி, அப்புறம் எண்கள். நான் பயந்துபோனது இங்கேதான். வீட்டுக் கருவி 126 காட்டியது, ஆப் 7.0 காட்டியது. இரண்டும் ஒன்றே! முன்னது மில்லிகிராம் கணக்கு, பின்னது மில்லிமோல் கணக்கு. மில்லிமோலை 18-ஆல் பெருக்கிப் பாருங்கள். இதற்கு நடுவே ஹெச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனையில் 7 சதவீதம் என்று இன்னொரு ஏழு வரும். அது கடந்த 2, 3 மாதச் சராசரியைச் சொல்வது, இன்றைய சர்க்கரை அல்ல. இரண்டு ஏழையும் ஒன்றென்று நினைத்து ஒரு வாரம் தூக்கமில்லாமல் கிடந்தவன் நான்.

மருந்துப் பட்டியலை அப்படியே நம்பாதீர்கள். நிறுத்திய மாத்திரை ஒன்று எட்டு மாதம் என் பட்டியலில் உட்கார்ந்திருந்தது. கையிலிருக்கும் மாத்திரை அட்டைகளோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் மாற்ற வேண்டாம்.

சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் ஆப்பில் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. ஆப்பை அப்புறம் திறந்துகொள்ளலாம்.