கால் விரல் வலி: தைலம் தேய்ப்பதற்கு முன்

கால் விரல் வலித்தால் ஒன்று தைலம் தேய்த்துப் படுத்துவிடுவோம், அல்லது மருந்துக்கடையில் நின்று "வலிக்கு ஏதாவது கொடுங்க" என்போம். எந்த விரல், எந்த இடம், எந்த நேரம் என்று பார்ப்பதில்லை. பாதிச் சிகிச்சை அந்த மூன்று கேள்வியில் இருக்கிறது.

நடுராத்திரியில் பெருவிரலின் அடிமூட்டு திடீரென்று சிவந்து, வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறதா? பெரும்பாலும் அது கௌட். யூரிக் அமிலம் படிகமாகி மூட்டுக்குள் சேர்வதால் வருவது. மறுநாளே ரத்தம் கொடுத்து, 'யூரிக் ஆசிட் நார்மல்' என்று ரிப்போர்ட் வந்ததும் கௌட் இல்லை என்று முடிவுகட்டுவது பெரிய தவறு. வலி உச்சத்தில் இருக்கும்போது அந்த அளவு குறைத்துக் காட்டலாம். வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இதற்கு நேரெதிர்த் தவறும் உண்டு: மாஸ்டர் செக்கப்பில் யூரிக் அமிலம் 7.5 வந்துவிட்டதென்று, ஒரு வலியும் இல்லாதவர் மாத்திரை தொடங்குவது. பெரும்பாலானோருக்கு அது தேவைப்படாது.

மாத்திரையிலும் குழப்பம்தான். அலோபூரினால் வலி மாத்திரை அல்ல. யூரிக் அமிலத்தை 6-க்குக் கீழே வைத்திருப்பது அதன் வேலை. வலிக்கும்போது நாலு நாள் போட்டுவிட்டு நிறுத்தினால் பயனில்லை. தொடங்கிய முதல் சில மாதங்களில் வலி மறுபடி வரக்கூடும். 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று அப்போது விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். விடக் கூடாது. தோலில் தடிப்பு வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் பத்தியம். துவரம்பருப்பையும் கீரையையும் ஒதுக்கிவிட்டு, வார இறுதி பீரை மட்டும் விடாத ஆட்கள் இருக்கிறார்கள்! பருப்பும் கீரையும் பெரிதாகக் கெடுப்பதில்லை. பீர், ஈரல், மத்தி, நெத்திலி, இனிப்புக் குளிர்பானம் ஆகியவற்றைத்தான் குறைக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும், சிறுநீரை அதிகம் போகச்செய்யும் சில மாத்திரைகளும் யூரிக் அமிலத்தை ஏற்றும். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வலி மூட்டில் இல்லாமல் நகத்தின் ஓரத்தில் இருந்தால் கதையே வேறு. நகவெட்டியை மூலைக்குள் நுழைத்து வளைத்து வெட்டும்போது, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஒரு சிறு கூர்முனை மிஞ்சும். நகம் வளர வளர அது சதைக்குள் இறங்கும். சிவக்கும், சீழ் கட்டும், ஷூ போட முடியாது. வலிக்கிறதே என்று இன்னும் ஆழமாக வெட்டுவார்கள். அடுத்த முனை இன்னும் உள்ளே. ஆண்டிபயாட்டிக் சாப்பிட்டால் சீழ் வற்றும், முனை அங்கேயேதான் இருக்கும். எலுமிச்சம்பழத்தைச் செருகினாலும் அப்படியே. தொடக்கத்திலேயே வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, முன்பக்கம் அகலமான செருப்புக்கு மாறினால் பலருக்குச் சரியாகும். இல்லையென்றால் மரத்துப்போக ஊசி போட்டு, ஓரத்து நகத்தை மட்டும் நீளவாக்கில் எடுத்துவிடுவார்கள். இனிமேல் நகத்தை நேர்கோட்டில் வெட்டுங்கள்.

கட்டில் காலில் இடித்துக்கொண்ட சுண்டுவிரல்? நடக்க முடிகிறது என்பதால் எலும்பு முறியவில்லை என்று அர்த்தமில்லை. எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள். சின்ன விரல் என்றால், இடையில் பஞ்சு வைத்துப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினால் பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரத்தில் கூடிவிடும். பெருவிரல் என்றாலோ, விரல் கோணியிருந்தாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு மேலே சொன்ன கைவைத்தியம் எதுவும் வேண்டாம். உணர்ச்சி குறைந்த காலுக்குத் தண்ணீரின் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். கால் ஆணிக்குக் கடையில் விற்கும் பிளாஸ்திரியில் அமிலம் இருக்கிறது; அது நல்ல தோலையும் அரித்துப் புண்ணாக்கும். பிளேடால் சீவுவது இன்னும் ஆபத்து.

பீடி, சிகரெட் பிடிப்பவர் ஒருவர், படுத்தால் விரல் வலிக்கிறது, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் குறைகிறது என்றால், அது வாயுவும் இல்லை, நரம்புத் தளர்ச்சியும் இல்லை. ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். விரல் கறுத்தாலோ, வெளிறிச் சில்லிட்டாலோ அன்றே ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை நிபுணர் இருக்கும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.