மாதவிடாய் நிற்கும் வயதில் கால்சியம்: கணக்கு எங்கே தவறுகிறது

மாதவிடாய் நிற்கப் போகிறது என்றதும் கால்சியம் மாத்திரை வீட்டுக்குள் வந்துவிடுகிறது. எவ்வளவு, எப்போது, எதோடு சாப்பிடுவது, அது தேவைதானா என்ற கேள்விகள் பெரும்பாலும் வருவதில்லை. தவறுகள் தொடங்குவது அங்கேதான்.

எலும்பில் இரண்டு வேலைகள் ஓயாமல் நடக்கின்றன. சில செல்கள் பழைய எலும்பைக் கரைக்கின்றன, வேறு சில புதிதாகக் கட்டுகின்றன. கரைக்கும் செல்களுக்குக் கடிவாளம் போட்டு வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். மாதவிடாய் நிற்கும் காலத்தில் அது குறைந்ததும் கரைப்பு முந்திக்கொள்கிறது. கடைசி மாதவிடாய்க்குச் சுமார் ஓராண்டு முன்பே இது தொடங்கி, அதன்பின் இரண்டு ஆண்டுகள் வரை வேகமாக நடக்கிறது. அந்தக் காலத்தில் முதுகெலும்பின் அடர்த்தி ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சதவீதம் குறைகிறது. கால்சியம் கட்டுமானப் பொருள் மட்டுமே. கடிவாளத்தின் வேலையை அதனால் செய்ய முடியாது. ஆனால் பொருளே இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.

“ரத்தத்தில் கால்சியம் நார்மல்தானே?”

உடலின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் துளியளவு கால்சியத்தை உடல் எப்பாடுபட்டாவது சீராக வைத்துக்கொள்ளும், ஏனென்றால் இதயத் துடிப்பே அதை நம்பியிருக்கிறது. உணவில் பற்றாக்குறை வந்தால் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்துக்குக் கொடுத்துவிடும். அறிக்கையில் 9.4 என்று அழகாக வரும், எலும்போ தேய்ந்துகொண்டிருக்கும். எலும்பின் நிலையைச் சொல்வது டெக்ஸா ஸ்கேன். அதில் டி ஸ்கோர் (இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிடும் எண்) −1க்கும் −2.5க்கும் இடையில் இருந்தால் அடர்த்திக் குறைவு, −2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை, அதாவது எலும்பு எளிதில் முறியும் நிலை. குதிகாலை மட்டும் பார்க்கும் சின்ன அல்ட்ராசவுண்ட் கருவியின் முடிவை இதற்கு ஈடாகக் கொள்ளக் கூடாது.

அட்டையில் இருக்கும் எண்ணைத் தப்பாகப் படிப்பது

அதிகம் நடக்கும் தவறு இதுதான். “கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.” என்று மாத்திரை அட்டையில் இருந்தால், கிடைக்கும் கால்சியம் 1250 அல்ல, 500 மி.கி. கார்பனேட்டின் எடையில் 40 சதவீதம்தான் கால்சியம். கால்சியம் சிட்ரேட் என்ற இன்னொரு வகையில் 21 சதவீதம், 1000 மி.கி. சிட்ரேட் மாத்திரை தருவது 210 மட்டுமே. சில தயாரிப்புகளில் “ஒரு வேளை அளவு” என்று போட்டிருப்பது இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து. பொடி எழுத்தில் இருக்கும் அந்த வரியையும் படியுங்கள். சிப்பி, பவளம் என்று “இயற்கை” பெயரில் விற்பதும் பெரும்பாலும் அதே கால்சியம் கார்பனேட்தான். கூடுதல் விலைக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை.

சாப்பாட்டைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

51 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு நாளுக்கு 1200 மி.கி. என்கிறது அமெரிக்கப் பரிந்துரை. பிரிட்டன் 700 போதும் என்கிறது. எந்த எண்ணைப் பிடித்தாலும் அது உணவும் மாத்திரையும் சேர்ந்த மொத்தம். 1200 என்று கேட்டதும் இரண்டு 500 மாத்திரை, மேலே கொஞ்சம் பால் என்று போடுவது தேவையில்லாத சுமை.

ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வேளை காபியில் சேரும் பால் மொத்தம் 150 மி.லி.: சுமார் 180 மி.கி. ஒரு கிண்ணம் தயிர், 150 கிராம்: இன்னொரு 180. தானியம், பருப்பு, காய், பழம் எல்லாம் சேர்ந்து தோராயமாக 250. மொத்தம் 610. இரவில் ஒரு டம்ளர் பால், அதாவது 200 மி.லி. கூட்டினால் 850. இனி 1200க்குக் குறைவது 350தான். அதை இன்னும் கொஞ்சம் தயிர், முள்ளோடு தின்னும் சின்ன மீன், கால்சியம் சேர்த்து உறையவைத்த டோஃபு இவற்றாலேயே நிரப்பிவிடலாம். முடியாத நாளில் 500 மி.கி. மாத்திரை ஒன்று தாராளம். பாலும் தயிரும் நன்றாகச் சாப்பிடுபவருக்கு மாத்திரையே தேவைப்படாமல் போகலாம்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தயிரையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறார்கள். தயிரிலும் பழைய சீஸிலும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை குறைவு, பலருக்கு அவை தொந்தரவு தருவதில்லை. கால்சியம் சேர்த்த சோயா பால், பாதாம் பால் வாங்கினால் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள். சேர்த்த கால்சியம் அடியில் படிந்துவிடும்; குலுக்காமல் குடிப்பவருக்கு டப்பாவில் போட்டிருக்கும் அளவு வந்து சேராது.

கீரை என்றாலே கால்சியம் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். பசலைக்கீரையில் கால்சியம் இருப்பது உண்மை. ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் அதைக் கட்டிப்போட்டுவிடுவதால் உடலில் சேருவது சுமார் 5 சதவீதம்தான். பாலிலிருந்து ஏறக்குறைய 30 சதவீதம் சேர்கிறது. பசலையை இரும்புக்கும் நாருக்கும் சாப்பிடுங்கள், கால்சியக் கணக்கில் எழுதாதீர்கள். முட்டைக்கோஸ், புரொக்கோலி வகைகளில் ஆக்சலேட் குறைவு, ஆகவே அவற்றில் இருக்கும் கால்சியம் நன்றாகவே சேரும். பாதாமும் நினைப்பதைவிடக் குறைவு: இருபது பருப்புக்கு 65 மி.கி. அளவுதான்.

ஒரே விழுங்கில், வெறும் வயிற்றில்

ஒரு வேளையில் 500 மி.கி.க்கு மேல் போனால் குடல் உறிஞ்சும் விகிதம் குறைந்துவிடும். 1000 வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் காலையும் இரவுமாகப் பிரியுங்கள்.

கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும். சாப்பாட்டின்போதோ சாப்பிட்ட உடனேயோதான் அதைப் போட வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்றவற்றை நாள்தோறும் எடுப்பவர்களுக்கு அந்த அமிலமே குறைவு. அவர்களுக்குச் சிட்ரேட் பொருத்தம். அதைச் சாப்பாட்டோடும் போடலாம், இல்லாமலும் போடலாம். கார்பனேட்டால் மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் வருபவர்களும் சிட்ரேட்டுக்கு மாறிப் பார்க்கலாம்.

மாத்திரை ஒழுங்காகக் கரைகிறதா என்று சந்தேகமா? சின்னக் கிண்ணத்தில் வினிகர் ஊற்றி ஒன்றைப் போட்டு, அவ்வப்போது கலக்கிவிடுங்கள். அரை மணி நேரத்தில் உதிர வேண்டும். கல்லாகவே கிடந்தால் அந்தத் தயாரிப்பை மாற்றிவிடலாம்.

எல்லா மாத்திரையையும் சேர்த்துப் போடுவது

இந்த வயதில் தைராய்டு மாத்திரையும் கால்சியமும் ஒரே டப்பாவில் இருப்பது சகஜம். இரண்டும் ஒன்றாகப் போனால் தைராய்டு மாத்திரையிலுள்ள தைராக்சினைக் கால்சியம் பிடித்துக்கொள்ளும். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ஏறும், தைராய்டு மருந்தின் அளவைக் கூட்டுவார்கள், காரணம் காலைக் கால்சியம் என்று யாருக்கும் தெரியாது. இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் விடுங்கள். இரும்பு மாத்திரைக்கு 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் எடுக்கும் நாட்களில் நேரத்தை மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எலும்புப்புரைக்கே தரப்படும் அலெண்ட்ரோனேட்டும் அப்படித்தான். விடிந்ததும் வெறும் தண்ணீரில் விழுங்கி, குறைந்தது அரை மணி நேரம் படுக்காமல் இருந்து, அதற்குப் பிறகுதான் சாப்பாடும் கால்சியமும்.

வைட்டமின் டி: மறதியும் மிகையும்

இது இல்லாமல் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. 70 வயது வரை நாளுக்கு 600 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு), அதற்கு மேல் 800 என்பது பொதுவான அளவு. ரத்தத்தில் ஒரு மி.லி.க்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவர் சில வாரங்களுக்கு அதிக அளவு தருவார். வாரம் ஒன்று என்று தந்த அதை நாள்தோறும் விழுங்கி, ரத்தத்தில் கால்சியம் எகிறி, வாந்தியோடு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் உண்டு. வருடத்துக்கு ஒரே தடவை 5 லட்சம் ஐ.யு. கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. வயதான பெண்கள் கீழே விழுவதும் எலும்பு முறிவதும் அதில் கூடத்தான் செய்தன.

சிறுநீரகக் கல் பயம்

கல் வரும் என்று பாலையே நிறுத்துவது தலைகீழான வைத்தியம். உணவிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடுவதால் கல் உண்டாவது குறைகிறது. கவனிக்க வேண்டியது மாத்திரையைத்தான். 36,282 பெண்களை ஏழு ஆண்டுகள் கவனித்த பெரிய அமெரிக்க ஆய்வு 2006இல் வந்தது. கால்சியமும் வைட்டமின் டியும் மாத்திரையாக எடுத்தவர்களுக்குக் கல் 17 சதவீதம் கூடுதலாக வந்தது. ஏற்கனவே கல் வந்தவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, சாப்பாட்டோடு சேர்த்தே போடுங்கள். உப்பையும் குறையுங்கள்: சிறுநீரில் சோடியம் போகும்போது கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். காபியால் போவது சொற்பம், அதில் ஊற்றும் பாலே ஈடுகட்டிவிடும்.

மூட்டுவலிக்கும், முறிந்த எலும்புக்கும்

முழங்கால் வலித்தால் கால்சியம் குறைவு என்று முடிவுகட்டுவது வழக்கமாகிவிட்டது. முழங்காலில் தேய்வது பெரும்பாலும் குருத்தெலும்பு. எலும்புப்புரையோ முறியும் வரை வலிக்கவே வலிக்காது. லேசாக விழுந்து மணிக்கட்டு முறிந்தவர்கள், உயரம் 4 செ.மீ.க்கு மேல் குறைந்தவர்கள், மூன்று மாதமோ அதற்கு மேலோ ஸ்டீராய்டு எடுத்தவர்கள் வலிக்காகக் காத்திருக்காமல் டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டும். எலும்புப்புரை உறுதியானால் கால்சியம் துணைதான், கரைப்பை அடக்கும் மருந்து தனியாக வேண்டும். 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்கள் மாத்திரை அட்டையோடு திருப்தி அடையாமல், ஹார்மோன் சிகிச்சை தமக்குப் பொருந்துமா என்று மகப்பேறு மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள்.