உப்புக்காற்றில் தபால் பைக்கு டேக் போடுவது எப்படி

முதலில் டேக் வாங்காதீர்கள். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று கரையோரம் முழுவதிலிருந்தும் ராமநாதபுரத்தில் எங்கள் பார்சல் நிலையத்துக்குப் பைகள் வரும். அவற்றுக்கு ஆர்.எஃப்.ஐ.டி. டேக், அதாவது ரேடியோ அலையால் தூரத்திலிருந்தே எண்ணைப் படிக்கக்கூடிய சிப் உள்ள சீட்டு, போடலாம் என்று முடிவானதும் நாங்கள் மலிவாகக் கிடைத்த ஸ்டிக்கர் டேக்கை மொத்தமாக வாங்கி, பையின் வயிற்றில் ஒட்டினோம். வெறும் பையில் அருமையாகப் படித்தது, கருவாடும் ஈரச் சாக்கும் உள்ளே போனதும் ரீடருக்கு, அதாவது டேக்கைப் படிக்கும் கருவிக்கு, ஒன்றுமே தெரியவில்லை. நீங்கள் அந்தச் செலவைச் செய்ய வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் இருக்கிறதே, அதே சங்கதிதான். டேக்கில் பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சிப் விழித்துக்கொண்டு, தன் எண்ணை அதே அலையில் திருப்பி அனுப்பும். தபால் பைக்கு வேண்டியது யு.எச்.எஃப். (மீஉயர் அதிர்வெண்) வகை, சில மீட்டர் தூரத்திலிருந்து ஒரே நேரத்தில் பல டேக்குகளைப் படிப்பது. ரீடர் அருகே கொண்டுபோய்த் தொட வேண்டிய 13.56 மெகாஹெர்ட்ஸ் கார்டு வகை இதற்கு ஆகாது. இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைவரிசைக்கு 2005 முதல் உரிமம் தேவையில்லை, ஆனால் ரீடரின் திறன் 1 வாட்டுக்குள்ளும், ஆன்டெனாவோடு சேர்ந்து வெளியே போவது 4 வாட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். ரீடரை வாங்கியதும் அதில் நாடு 'இந்தியா' என்று வைத்திருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க அமைப்பு 902க்கு மேல் போகும், அங்கே நம் ஊரில் மொபைல் போன்கள் கோபுரங்களோடு பேசிக்கொண்டிருக்கின்றன.

சரி, எதற்கு டேக் போடுவது? என் பதில்: பைக்கும், பிளாஸ்டிக் கிரேட் பெட்டிக்கும், தள்ளுவண்டிக்கும் மட்டும். பொட்டலத்துக்குப் பார்கோடு போதும். பொட்டலத்தில் ஒட்டிய டேக் ஒரே பயணத்தோடு குப்பைக்குப் போய்விடும், பையில் கட்டியது பை கிழியும் வரை திரும்பத் திரும்ப வரும்.

இப்போது தண்ணீர் விஷயம். இந்தக் கடற்கரையில் பாதிச் சிக்கல் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். யு.எச்.எஃப். அலையைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும், உப்புத் தண்ணீர் இன்னும் மோசம், உலோகம் திருப்பி அடிக்கும். முண்டு மிளகாய் நிறைத்த சாக்கு காய்ந்திருக்கும்வரை தொந்தரவே தராது. பனை ஓலைப் பெட்டியும் அப்படித்தான். நன்றாகக் காயாத கருவாடு, ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டி, ஐப்பசி மழையில் நனைந்த சணல் பை, இவைதான் டேக்கை ஊமையாக்கும். அதனால் டேக் சரக்கின் மேல் படக் கூடாது. நாங்கள் பல இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் பையின் கழுத்தில், சீல் கட்டும் கயிற்றோடு தொங்குகிற மாதிரி பிளாஸ்டிக் டேக்குக்கு மாறினோம். சரக்குக்கும் டேக்குக்கும் இடையில் இரண்டு விரல் காற்று இருந்தாலே வித்தியாசம் தெரியும். பிளாஸ்டிக் கிரேட் என்றால் மேல் விளிம்புக்குக் கீழே ரிவெட் அடித்துவிடுங்கள், கீழ்ப்பக்கம் வேண்டாம், ஐஸ் தண்ணீர் அங்கேதான் தேங்கும். இரும்புத் தள்ளுவண்டிக்கு மட்டும் உலோகத்தின் மேல் ஒட்டுவதற்கென்றே செய்த தடித்த டேக் வாங்குங்கள், சாதாரண ஸ்டிக்கர் அங்கே சுத்தமாக வேலை செய்யாது.

வாங்குமுன் நான்கைந்து வகையில் பத்துப் பத்து டேக் மாதிரிக்குக் கேளுங்கள். உங்களுடைய உண்மையான சரக்கை, உண்மையான ஈரத்தோடு பையில் போட்டு, வாசலைக் கடந்து இருபது முறை தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். விற்பவர் கொண்டு வரும் காலி அட்டைப்பெட்டியில் எல்லா டேக்கும் படிக்கும்.

ரீடரை எங்கே வைப்பது என்றால், வேன் வந்து நிற்கும் வாசலில். இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆன்டெனா, ஒன்று இடுப்பு உயரம், மற்றது மார்பு உயரம், இரண்டும் வட்ட முனைவாக்கம் உள்ளதாக, அதாவது டேக் எப்படித் திரும்பியிருந்தாலும் படிக்கும் வகையாக இருக்கட்டும், ஏனென்றால் பையைத் தோளில் போட்டு வருகிறவர் டேக் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்க மாட்டார், பார்க்கச் சொல்வதும் நியாயமில்லை. அலைநீளம் சுமார் 35 சென்டிமீட்டர். தகரக் கூரையிலும் வேன் உடலிலும் பட்டுத் திரும்பும் அலைகள் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். ஓரிடத்தில் படிக்காத பை ஒரு சாண் தள்ளினால் படிக்கும். ஆகவே பை நகர்ந்துகொண்டிருக்கும்போது படிப்பதுதான் நல்லது.

திறனை முழுதாக ஏற்றிவிடாதீர்கள். எங்கள் நிலையத்தில் முதல் வாரமே, உள்ளே ரேக்கில் இருந்த தொண்டிப் பை 'கிளம்பிவிட்டது' என்று பதிவாகி, மூன்று நாள் அதை யாரும் தேடவே இல்லை. அந்தப் பையில் ஒரு பாட்டிக்குப் போக வேண்டிய மருந்து இருந்தது. அதற்கு அப்புறம் ரேக்கை வாசலிலிருந்து தள்ளினோம், ரேக்கில் உள்ள பை ஒன்றுகூடப் படிக்காத அளவுக்குத் திறனைக் குறைத்தோம், ஆள் குறுக்கே வந்தால் மட்டும் ரீடர் விழிக்கும்படி ஓர் அகச்சிவப்புக் கதிர் சென்சாரும் வைத்தோம். உள்ளே ஓர் ஆன்டெனா, வெளியே ஓர் ஆன்டெனா என்று இன்னொரு ஜோடி வைத்தால், எது முதலில் படித்தது என்பதை வைத்து பை போகிறதா வருகிறதா என்றும் தெரிந்துகொள்ளலாம்.

டேக்கில் என்ன எழுதுவது? ஊர்ப் பெயரோ பின்கோடோ எழுதாதீர்கள். இன்றைக்கு 623526க்குப் போகிற பை நாளைக்கு 623517க்குப் போகும். 96 பிட் இடம் இருக்கிறது, அதில் உங்களுக்கென்று ஒரு முன்னெண், பிறகு பையின் வரிசை எண், அவ்வளவு போதும். எழுதியதும் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிடுங்கள். முன்னெண் எதற்கென்றால், வேனின் ஃபாஸ்டேக்கையும், துணிப் பார்சலுக்குள் விலைச்சீட்டில் இருக்கும் டேக்கையும் உங்கள் ரீடர் படிக்கும். உங்கள் முன்னெண் இல்லாததை மென்பொருள் தள்ளிவிட வேண்டும். அதே எண்ணைக் கண்ணுக்குத் தெரியும்படி டேக்கின் மேலும் அச்சடியுங்கள், சிப் செத்துப்போன அன்று கையால் அடித்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பை கட்டும் மேசை. பொட்டலத்தையும் பையையும் சேர்த்துவைக்கும் இடம் அது. ஸ்பீடு போஸ்ட் பொட்டலத்தில் 13 இடம் கொண்ட எண் இருக்கும்: முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்புக்கு, கையால் தட்டும்போது ஓர் எண் தவறினால் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு பொட்டலத்தையும் பார்கோடு ஸ்கேன் செய்து பைக்குள் போட்டு, கழுத்தைக் கட்டி, கைரீடரால் பையின் டேக்கைப் படித்து 'மூடு' என்று அழுத்த வேண்டும். அதற்குப் பிறகு 'இதையும் சொருகிவிடுங்கள் அண்ணே' என்று யாராவது ஒரு கவரை உள்ளே தள்ளினால், அந்தக் கவர் எந்தக் கணக்கிலும் கிடையாது. டேக் பையைத்தான் அறியும், உள்ளே இருப்பதை அறியாது. மூடிய பையைத் திறக்க வேண்டுமென்றால் மென்பொருளிலும் திறந்து, திரும்ப மூடித்தான் ஆக வேண்டும், இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பையை எண்ணிப் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் தபாலில் பழையது. 1964 டிசம்பர் புயலுக்கு முன் எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயிலில் வந்து, கப்பலில் இலங்கையின் தலைமன்னாருக்குப் போன போட் மெயில் ஓடிய கரை இது. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தபால் நிலையச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பட்டியல்கள்தான் நினைவுக்கு வரும்.

எங்கே தாமதமாகிறது என்று கண்டுபிடிக்க இன்னொரு வழியும் உண்டு. உலக அஞ்சல் ஒன்றியம் 2009 முதல் சாதாரணக் கடித உறைக்குள் டேக்கை வைத்து அனுப்பி, நாடுகளுக்கு இடையே கடிதம் எத்தனை நாளில் போகிறது என்று அளக்கிறது. நீங்களும் வாரத்துக்கு நாலு உறையில் டேக் வைத்து ஏர்வாடிக்கும் தொண்டிக்கும் அனுப்பிப் பாருங்கள், பை எந்த வாசலில் எத்தனை மணி நேரம் கிடக்கிறது என்பது இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்.

அப்புறம் உப்பு. ரீடர் உள்ளே, ஆன்டெனா மட்டும் வெளியே, அதுவும் தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி.67 தரத்தில். கேபிள் நீளம் கூடக்கூட அலை குறையும், முடிந்தவரை குட்டையாக வையுங்கள். கனெக்டரைத் திருகியதும் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். பச்சை பூத்தால் மாற்றிவிடுங்கள், துடைத்துப் பயனில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் எர்த்தையும் மின்னல் தடுப்பையும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். மின்சாரமோ இணையமோ போனால் ரீடரே பதிவுகளைச் சேமித்து, பிறகு அனுப்ப வேண்டும். வாங்கும்போதே இதைக் கேளுங்கள்.

முதல் இரண்டு மாதம் நோட்டுப் பதிவையும் நிறுத்தாதீர்கள், மாலையில் இரண்டையும் ஒப்பிடுங்கள். பை கிழிந்து டேக்கை வெட்டி எடுத்தால் அன்றே அதன் எண்ணை மென்பொருளில் மூடிவிடுங்கள். இல்லையென்றால் குப்பையோடு அந்த டேக் வாசலைத் தாண்டும்போது, ஒரு பை கிளம்பியதாகக் கணக்கில் ஏறிவிடும்.