காருக்குள் பேஸ்: கடையில் கேட்டு முடிவெடுக்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் சப்வூஃபர் (பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர் பெட்டி) வாங்கப் போகும் கனபேர் கடைக்குள் கேட்டுவிட்டே காசைக் கொடுத்துவிடுகிறார்கள். அதே பெட்டி காருக்குள் போனதும் வேறு மாதிரித்தான் ஒலிக்கும்.

50 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீற்றர். சின்னக் காரின் உள்ளறையோ 3 மீற்றர்கூட வராது. அலைக்கு இடம் போதாததால் உள்ளே இருக்கும் காற்று முழுவதும் ஒன்றாக அமுங்கி விரிகிறது. இதனால் சுமார் 60 ஹேர்ட்ஸுக்குக் கீழே போகப்போக பேஸ் தானாகவே கூடும். ஆகவே அல்ற்றோ, வாகன் ஆர் போன்றவற்றுக்கு 10 அங்குல ஸ்பீக்கர் உள்ள மூடிய பெட்டியே தாராளம். துளை வைத்த பெட்டி பல வேளை ஒரே சுரத்தில் இடிக்கும். தவில் எது, பேஸ் கிற்றார் எது என்று பிரியாது. யன்னலை இறக்கினால் இந்த இலவச பேஸ் குறையும். பண்ணைப் பாலத்தில் கடற்காற்று வாங்கியபடி ஓடுபவர்கள் அம்பிளிபயரைக் குறை சொல்ல வேண்டாம்!

டிக்கி தனியாக உள்ள கார் என்றால் பின் சீற்றும் அதன் பின்னுள்ள தகடும் ஒலியைக் கொஞ்சம் மறிக்கும். பெட்டியைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்துப் பாருங்கள். பிறகு சாரதி சீற்றில் இருந்தபடி, ஃபேஸ் சுவிட்சை (ஸ்பீக்கரின் முன்பின் அசைவைத் தலைகீழாக்கும் சுவிட்ச்) 0, 180 இரண்டிலும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பேஸ் கூடுதலாகக் கேட்கும் பக்கமே சரி.

நம்பர் பிளேட் கடகடத்தால் பின்னால் ஒரு துண்டு ஸ்பொஞ் ஒட்டினால் போதும்.