ஹீட் எக்ஸ்சேஞ்சரிலிருந்து டியூப் பண்டலை வெளியே எடுப்பது எப்படி?

ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்பது இங்கே ஸ்டீமின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் ஹீட்டர். அதன் வெளி உருளைதான் ஷெல், உள்ளே கட்டாக நிற்கும் குழாய்கள்தான் டியூப் பண்டல். பெருந்துறை, திருப்பூர் பக்கம் சாயப்பட்டறையில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தால், இன்றோ நாளையோ இந்த வேலை உங்கள் கைக்கு வந்துவிடும். நம் ஊர் போர்த் தண்ணீர் அப்படி. தண்ணீர் சூடேறினால் அதிலிருக்கும் சுண்ணாம்பு கரைந்து நிற்காது. எந்த இடம் அதிகச் சூடோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஸ்டீம் குழாய்க்குள்ளும் தண்ணீர் வெளியே ஷெல்லிலும் ஓடுகிற ஹீட்டரில் அந்த இடம் குழாயின் வெளிப்பக்கம். அங்கே பிரஷ் விட்டுத் தேய்க்க வழியில்லை, பண்டலை இழுத்தால்தான் உண்டு.

முதலில், அது இழுக்கக்கூடிய பண்டல்தானா என்று பாருங்கள். இரண்டு பக்க டியூப் ஷீட்டும் (குழாய் முனைகள் பொருந்தி நிற்கும் துளைத் தகடு) ஷெல்லோடு வெல்டு ஆகியிருந்தால் வராது. 2011 உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு மாறிய பட்டறைகளில் நிற்கும் உயரமான எவாப்பரேட்டர்கள் (கழிவுநீரை ஆவியாக்குபவை) பெரும்பாலும் இந்த வகைதான். யு-டியூப் (குழாய்கள் யு போல வளைந்து, ஒரு பக்கம் மட்டுமே டியூப் ஷீட் உள்ளது), ஃப்ளோட்டிங் ஹெட் (ஒரு முனை ஷெல்லோடு ஒட்டாமல் நகரக்கூடியது) இரண்டும் வெளியே வரும். ஃப்ளோட்டிங் ஹெட்டில் பின்பக்க ஷெல் மூடி, உள் மூடி, பிளவு வளையம் எல்லாவற்றையும் முன்னமே கழற்ற வேண்டும். இங்கே யு-டியூபை வைத்துச் சொல்கிறேன்.

அப்புறம் இடமும் எடையும். 3 மீட்டர் பண்டலுக்கு முன்னால் 3 மீட்டர் காலி இடம் போதாது. ஆள் நிற்கவும் செயின் பிளாக் (சங்கிலியால் இழுக்கும் கப்பி) மாட்டவும் இன்னும் ஒன்றரை மீட்டராவது வேண்டும். எடையை வரைபடத்தில் பாருங்கள். வரைபடம் இல்லையா, கணக்குப் போடுங்கள். 19.05 மி.மீ. விட்டமும் 2.11 மி.மீ. தடிமனும் உள்ள இரும்புக் குழாய் மீட்டருக்குச் சுமார் 0.88 கிலோ. டியூப் ஷீட்டில் 200 துளை, நீளம் 3 மீட்டர் என்றால் குழாய் மட்டுமே 530 கிலோ வரும். டியூப் ஷீட், பேஃபிள் (குழாய்களைத் தாங்கும் குறுக்குத் தகடு), ஒட்டிய சுண்ணாம்பு எல்லாம் சேர்த்து 800 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிக் கிடக்கும் பண்டலை அசைக்க அதன் எடையைவிட அதிக இழுவை தேவைப்படும். அதனால் 2 டன்னுக்குக் குறைந்த செயின் பிளாக் வேண்டாம்.

வால்வை மூடியாச்சு, போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பர்மிட் வாங்கி, ஹீட்டரை ஆறவிட்டு, ஸ்டீம் லைன், கண்டன்சேட் (ஸ்டீம் ஆறிய தண்ணீர்) லைன், தண்ணீர் லைன் எல்லாவற்றிலும் பிளைண்ட் (வழியை அடைக்கும் தகடு) போடுங்கள். வால்வுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை உங்கள் பையில் வையுங்கள். மேலே வென்ட்டையும் கீழே டிரெயினையும் திறங்கள். டிரெயினில் தண்ணீர் வரவில்லை என்பதால் ஷெல் காலி என்று ஆகாது, சுண்ணாம்பு அடைத்திருக்கலாம். ஒதுங்கி நின்று கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள்.

சேனல் (ஸ்டீம் நுழையும் முன்பக்கப் பெட்டி), டியூப் ஷீட், ஷெல் மூன்றிலும் ஒரே கோட்டில் சென்டர் பஞ்சால் புள்ளி அடியுங்கள். சாக்பீஸ் குறி தண்ணீரில் போய்விடும். சேனலுக்கு பெல்ட் போட்டுத் தாங்கிய பிறகு, உங்களுக்கு எதிர்ப்பக்கத்து போல்ட்டை முதலில் தளர்த்துங்கள். மிச்சப் பிரஷர் இருந்தால் அந்தப் பக்கமே போகும். மேல் போல்ட் இரண்டைக் கடைசி வரை விட்டு வையுங்கள்.

சேனலை இறக்கியாச்சு, இனி பண்டல் அசையும் முதல் ஒரு அங்குலம். மொத்த வேலையிலும் நேரம் பிடிப்பது இதுதான், பிடிக்கட்டும். டியூப் ஷீட் முகத்தில் பிளக் போட்ட மரைத் துளைகள் இருக்கும். பிளக்கை எடுத்து, டேப் விட்டு மரையைச் சுத்தம் செய்து, ஐ போல்ட்டைத் தோள் வரை இறுக்குங்கள். இழுவை நேராக இருக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் ஐ போல்ட் வளையும். பக்கத்துக்கு ஒரு செயின் பிளாக் மாட்டி, மாறி மாறி இரண்டு இழுப்பு. மேல், கீழ், இடம், வலம் நான்கு இடத்திலும் ஸ்கேல் வைத்து இடைவெளியை அளங்கள். ஒரு பக்கம் 6 மி.மீ., மறுபக்கம் 2 மி.மீ. என்றால் நிறுத்திச் சரிசெய்யுங்கள். அசையவே இல்லையா? உளி வைத்து அடித்தால் கேஸ்கெட் முகம் போச்சு. ஜாக்கி போல்ட் (திருகினால் டியூப் ஷீட்டைத் தள்ளும் போல்ட்) துளை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அடுத்த முறை கழற்றுவதற்கு முன்பே சல்பாமிக் ஆசிட்டை இன்ஹிபிட்டர் (ஆசிட் இரும்பை அரிக்காமல் காக்கும் மருந்து) கலந்து ஷெல்லில் சுற்றவிடுங்கள், அப்போதும் வென்ட் திறந்திருக்க வேண்டும். பிடி விடும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். கூடவே கோழிமுட்டை ஓடு மாதிரி சுண்ணாம்புச் சில்லுகள் ஷெல் வாயில் கொட்டும். அதைப் பார்த்ததும் செயினை நிறுத்தி எல்லாவற்றையும் ஒருமுறை சரிபாருங்கள்.

செயின் பிளாக்கின் மறுமுனையை பைப் லைனில் மாட்டக் கூடாது. கட்டடத் தூணில் மாட்டினால் இழுவை முழுவதும் ஷெல்லின் சேடில் (ஷெல்லைத் தாங்கும் கால்) போல்ட்டுக்குப் போகும். ஒரு சேடில் வெப்ப விரிவுக்காக நீள்துளையில் தளர்வாகத்தான் இருக்கும். நிலையாக நிற்கும் இன்னொரு சேடிலின் போல்ட்டை முதலில் பாருங்கள்.

நான் வேலைக்குப் புதிதாக இருந்தபோது ஒரு பட்டறையில் அவசரமாகக் குழாய்களைச் சுற்றி ஸ்டீல் ரோப் போட்டு ஹைட்ரா கிரேனால் தூக்கினார்கள். ரோப் விழுந்த இடத்தில் ஒரு வரிசைக் குழாய் அப்படியே நசுங்கிப் போயிற்று. அத்தனையையும் பிளக் அடித்து அடைத்தோம். அந்த ஹீட்டர் அதற்குப் பிறகு பழைய சூட்டுக்கு வரவே இல்லை. ரோப் எப்போதும் வேண்டாம். அகலமான நைலான் பெல்ட், அதுவும் பேஃபிள் இருக்கும் இடத்துக்கு நேராக.

பாதி வெளியே வந்ததும் அடியில் ஸ்லீப்பர் கட்டை கொடுங்கள். டியூப் ஷீட் பக்கம்தான் கனம், எடையின் மையம் அந்தப் பக்கம் தள்ளியே இருக்கும். யு வளைவு ஷெல்லை விட்டு வருவதற்கு முன்பே இரண்டாவது பெல்ட்டை அந்த முனைக்குப் பக்கத்தில் மாட்டிவிட வேண்டும். இல்லையென்றால் அந்த முனை சட்டென்று கீழே விழும். அந்த நேரத்தில் பண்டலுக்கு அடியிலோ செயினுக்கு நேராகவோ யாரும் நிற்கக் கூடாது.

பண்டலை மரக்கட்டைத் தொட்டிலில் இறக்கி, ஷெல் வாயை தார்ப்பாயால் மூடுங்கள். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடக் கூடாது, ஆனால் உடனே தூக்கியும் எறியாதீர்கள். சேனல் நடுத்தடுப்புக்கு வரும் குறுக்குப் பட்டை அதில்தான் அப்படியே இருக்கிறது. புதியது வெட்டுபவருக்கு அதையே கொண்டுபோய்க் கொடுங்கள்.