ஏடெம் ஸ்விட்சரில் பிக்சர் இன் பிக்சருக்கு நிழலும் ஒளியும் சரிசெய்வது எப்படி

மேடையில் பேசுபவரைச் சின்னப் பெட்டியில் வைத்து, பின்னால் ஸ்லைடு ஓட்டும்போது அந்தப் பெட்டி கத்தரித்து ஒட்டியது மாதிரி தட்டையாகத் தெரிகிறதா? பிளாக்மேஜிக் ஏடெம் மினி (பல வீடியோக்களை மாற்றியும் சேர்த்தும் காட்டும் ஸ்விட்சர்) வைத்திருப்பவர்களுக்கு இதற்கான வழி மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் பலர் பார்டரை, அதாவது பெட்டியைச் சுற்றி வரும் சட்டத்தை மட்டும் ஆன் செய்துவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கணினியில் ஏடெம் சாஃப்ட்வேர் கன்ட்ரோலைத் திறந்து, வலப்பக்கம் பேலட்ஸ் பகுதியில் அப்ஸ்ட்ரீம் கீ 1 (பின்னணியின் மேல் ஏறும் அடுக்கு), அதில் டிவிஇ (படத்தைச் சுருக்கி நகர்த்தும் எஃபெக்ட்) என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியின் அளவையும் இடத்தையும் முதலில் முடிவு செய்துவிடுங்கள். அப்புறம் பார்டரை ஆன் செய்து நிறத்துக்கு வாருங்கள். சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தி) நன்றாகக் குறைத்து, லூமாவை (வெளிச்ச அளவு) நடுவாக்கில் வையுங்கள், ஏனென்றால் முழு வெள்ளை பார்டரில் வெளிச்சம் படும் பக்கம் அதற்கு மேல் வெளுக்க இடமில்லை, முழுக் கறுப்பிலோ ஒளியும் நிழலும் பிரிந்தே தெரியாது. சாம்பல் நிறம்தான் இந்த வேலைக்குச் சரி.

அடுத்து பெவல், அதாவது சட்டத்தின் விளிம்பைச் சரிவாக்கிப் புடைப்பாகக் காட்டுவது. இன், அவுட், இரண்டும் சேர்ந்தது என்று மூன்று வகை உண்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் சட்டம் எழும்புவதும் குழிவதும் புரிந்துவிடும். அவுட்டர் விட்த் பார்டரை வெளியே வளர்க்கும், இன்னர் விட்த் படத்தின் மேலேயே ஏறும். முகம் ஓரத்துக்கு நெருங்கியிருந்தால் இன்னரைக் குறைத்துவிடுங்கள். பெவல் சாஃப்டைக் கூட்டக் கூட்ட விளிம்பு உருண்டு மென்மையாகும்.

இப்போது ஷேடோவை ஆன் செய்யுங்கள். இங்கே இருப்பது ஆங்கிள், ஆல்டிட்யூட் என்ற இரண்டே எண்கள்தான், ஆனால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. ஆங்கிள் என்பது கற்பனை விளக்கு எந்தத் திசையில் நிற்கிறது என்பது, ஆல்டிட்யூட் அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது. நிழலுக்கு ஒன்று, பார்டருக்கு ஒன்று என்று தனித்தனி விளக்கு கிடையாது, ஒரே விளக்குதான், அதனால் ஆங்கிளைத் திருப்பினால் பெவலின் பளிச்சென்ற பக்கமும் நிழல் விழும் பக்கமும் சேர்ந்தே சுற்றும்.

எந்தத் திசை வைப்பது? பெட்டிக்குள் இருப்பவரின் மூக்கைப் பாருங்கள். மூக்கின் நிழல் வலது கன்னத்தில் விழுந்திருந்தால் மேடை விளக்கு இடப்பக்கம் இருக்கிறது (திரையில் நமக்குத் தெரிகிற இடம் வலத்தைச் சொல்கிறேன்), பெட்டியின் நிழலும் வலப்பக்கம் கீழே விழ வேண்டும். முகத்தில் ஒரு பக்கமும் சட்டத்தில் எதிர்ப்பக்கமும் வெளிச்சம் அடித்தால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ இடிக்கும். எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம், நிழல் விழும் பக்கத்தைப் பார்த்தே திருப்புங்கள். ஆல்டிட்யூடை நகர்த்தும்போது நிழல் பெட்டியை ஒட்டி வருவதும் விலகுவதும் தெரியும், கொஞ்சம் ஒட்டினாற்போல் நிறுத்துவது நல்லது, ரொம்ப விலகினால் ஸ்லைடில் உள்ள எழுத்தை நிழல் தின்றுவிடும்.

இதையெல்லாம் நேரலையில் இருக்கும்போது செய்யாதீர்கள். நெக்ஸ்ட் டிரான்சிஷனில் கீ 1ஐத் தேர்ந்தெடுத்தால் பெட்டி ப்ரிவ்யூவில் (நேரலைக்குப் போகும் முன் நமக்கு மட்டும் தெரியும் படம்) வரும், அங்கேயே சரிசெய்யலாம். பின்னணிக்குக் கறுப்பு ஸ்லைடு வந்தால் நிழல் காணாமல் போய்விடும், அங்கே பெவல் மட்டும்தான் கைகொடுக்கும், அதனால் ஒரு வெளிர் ஸ்லைடு, ஒரு அடர் ஸ்லைடு இரண்டிலும் சோதித்துவிட்டு, ஃபைல் மெனுவில் சேவ் ஸ்டார்ட்அப் ஸ்டேட் கொடுத்துவிடுங்கள், அடுத்த முறை ஸ்விட்சரை ஆன் செய்யும்போது இதே அமைப்போடு எழும்.